எட்டாம் வகுப்பு, பி பிரிவு

தாய்மாமன் யாரிடமும் கேட்டுக்கொண்டு எதையும் செய்ய மாட்டான். எங்கள் பக்கத்தில் அது சட்டம். (எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். நான் புத்தகத்தைத் தொட்டது ஒன்பதாவதோடு சரி.)

என் அக்கா மகள் தர்ஷினி பெரியமனுஷியானபோது நான் மதுரையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். ஊருக்கெல்லாம் காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று அடித்துக் கொடுக்கிறவன், சொந்த மருமகள் சடங்குக்குச் சும்மா இருப்பேனா?

பத்துக்கு எட்டு அடியில் ஒன்று அடித்தேன். நடுவில் கூலிங் கிளாஸோடு நான். என் முழங்கைக்குக் கீழே, பள்ளி ஐடி கார்டிலிருந்து எடுத்த படத்தில், இரட்டைச் சடையோடு அவள். 'பூப்புனித நீராட்டு விழா' என்ற எழுத்து மட்டும் ஒரு அடி உயரம். பேருக்குக் கீழே படிப்பைப் போட்டால்தான் மரியாதை. என் பேருக்குக் கீழே போட ஒன்றும் இல்லாததால் அவள் பேருக்குக் கீழே போட்டேன்: 'எட்டாம் வகுப்பு, பி பிரிவு'. கூடவே பள்ளியின் பேரும்.

அக்கா வீடு திருவாதவூரில். சடங்கும் அங்கேதான். ஆனால் பேனரைக் கட்டியது மதுரை கே.கே. நகரில், அவள் பள்ளிக்கு எதிரே. திருவாதவூரில் என்னைத் தெரியாத ஆள் கிடையாது. நாலு படித்தவர்கள் பார்க்கட்டுமே.

எனக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. அக்கா கொடுத்த லீவு லெட்டரில் 'வைரஸ் காய்ச்சல்' என்று எழுதியிருந்தாள். எழுதச் சொன்னது தர்ஷினி. ஆம்பளைப் பசங்களும் இருக்கிற வகுப்பு. யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அழுதிருக்கிறாள். (இருபத்தோரு தட்டு சீர் வைத்தோம். அவள் வாய்விட்டுக் கேட்ட அந்த ஒன்று எந்தத் தட்டிலும் இல்லை.)

சடங்கு முடிந்து அவள் பள்ளிக்குப் போன திங்கட்கிழமை காலையில் எனக்குப் போன் வந்தது. பள்ளி வாட்ச்மேன். பேனரில் என் நம்பரும் இருந்ததே.

"தம்பி, ஒங்க பேனரை ஒரு பிள்ள கிழிச்சுக்கிட்டு இருக்கு."

"எவ அவ? பிடிச்சு வைங்கண்ணே, இந்தா வாரேன்."

"பேனர்ல இருக்க பிள்ளதாம்ப்பா."

நான் போய்ச் சேர்ந்தபோது, ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸால் தன் முகத்தை வட்டமாகக் கிழித்து எடுத்துவிட்டிருந்தாள். அந்த ஓட்டைக்கு மேலே நான் சிரித்துக்கொண்டிருந்தேன். எதிரே பள்ளி ஜன்னல் நெடுகத் தலைகள்.

"தர்ஷினி, காய்ச்சல் சரியாப் போச்சா?" என்று ஒரு பையன் குரல். ஜன்னல் மொத்தமும் சிரித்தது.

"ஏத்தா, கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றேன்.

"எங்கிட்ட கேட்டீங்களா மாமா?"

"தாய்மாமன் எதுக்குத்தா கேக்கணும்?"

அவள் கத்தவில்லை. "எனக்கு வந்ததுக்கு ஒங்களுக்கு எதுக்கு மாமா கூலிங் கிளாஸு?"

 

மறுநாள் நானும் அக்காவும் தலைமையாசிரியரைப் பார்த்தோம். அந்தப் பசங்களைக் கண்டிக்கச் சொல்லிக் கேட்டோம்.

"கண்டிக்கிறேம்ப்பா. ஆனா ரோட்டுல இம்புட்டுப் பெருசா எழுதி வச்சது நீ. பள்ளிக்கூடத்துல ஒக்காந்துக்கிட்டு, படிக்காதன்னு நான் எப்படிச் சொல்ல?"

அதற்குப் பிறகு அவள் அந்த வாசலை மிதிக்கவில்லை. அந்த வருடம் போயே போனது. மறு வருடம் வேறு பள்ளியில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு, மறுபடியும் எட்டாவது. ஒன்பதாவதோடு நின்றவன், எட்டாவது படித்தவளை நிறுத்தியிருக்கிறேன். குடும்பத்தில் என்னுடைய ஒரே கல்விச் சேவை.

ஆறு வருடம் ஆகிறது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் என் காதுபட யாராவது எதையாவது சொல்வதற்கு முன், "இது ஃப்ளெக்ஸுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். மச்சானின் மூலவியாதியிலிருந்து அம்மாவின் சுகர் வரைக்கும். சொல்லும்போதே ஒரு சிரிப்பு. நானும் சிரிப்பேன்.

போன மாதம் தர்ஷினி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊரு காலேஜுத்தா?" என்றேன்.

"இது ஃப்ளெக்ஸுக்கு இல்ல மாமா."

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. துணியை மடித்து வைத்துக்கொண்டே இருந்தாள். எந்த ஊர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு இன்னும் சொல்லவில்லை.