தட்டுப்போருக்குப் பின்னால் ஒரு லாரி

ஒவ்வொரு குடும்பத்திலும் எந்தப் போன் வாங்கலாம் என்று கேட்பதற்கென்றே ஒரு ஆள் இருப்பார். அந்த ஆளுக்கு உண்மையிலேயே ஏதாவது தெரியுமா என்று யாரும் விசாரிப்பதில்லை. எங்கள் சொந்தத்தில் அந்த ஆள் நான்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள் என்கிற ஒரே காரணத்துக்காக, வாஷிங் மெஷின் முதல் இன்வெர்ட்டர் பேட்டரி வரை என்னைக் கேட்டுத்தான் வாங்கினார்கள். நானும் சளைக்காமல் சொன்னேன். இந்தக் கம்பெனி கேமரா நல்லா இருக்கும், ஆனா சூடாகும். அந்தக் கம்பெனி ஆறே மாசத்துல மக்கர் பண்ணும். (எனக்கு எப்படித் தெரியும்? எங்கேயோ படித்திருப்பேன். அதை எழுதினவரும் எங்கேயோ படித்திருப்பார்.)

இப்படி எல்லாவற்றின் மேலும் கருத்து வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு சாப்ட்வேர் விற்கிற வேலை கிடைத்தால் என்ன ஆகும்? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சேலத்தில் ஒரு ஸ்வீட் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. பாஸையும் சேர்த்து நான்கே பேர். கீழே நெய் காயும் வாசத்தில் உட்கார்ந்துகொண்டு உலகத்தையே மாற்றப்போவதாகப் பேசிக்கொள்வோம். எங்கள் சரக்கு இதுதான்: லாரியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியைப் பொருத்திவிட்டால், முதலாளியின் போனில் மேப் மேல் ஒரு நீலப் புள்ளி தெரியும். புள்ளி எங்கேயோ லாரி அங்கே. ஒரே ஒரு குறை, புள்ளி இரண்டு மூன்று நிமிஷம் தாமதித்துத்தான் நகரும். அதைக் குறை என்று நாங்கள் சொல்லவில்லை. 'பேட்டரி சேமிப்பு வசதி' என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தோம்.

முதல் வாடிக்கையாளரை நான்தான் பிடித்தேன். வேறு யார், என் தாய்மாமாதான். பரமத்திப் பக்கம் வீடு. முட்டை லோடு அடிக்கிற லாரி ஒன்று வைத்திருந்தார். ஒன்றே ஒன்று. அவர் பிள்ளைகளைப் பற்றிப் பேசியதை விட அந்த லாரியைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

"ஏன் அம்மிணி, செல்வராசு எங்க இருக்கான்னு தெரியோணும்னா அவனுக்கே ஒரு போன் போட்டாப் போதுமே. அவனே சொல்லிப்போடுவானே?" என்றார் மாமா. செல்வராசு அவருடைய டிரைவர், பல வருஷமாக.

"மனுஷன் பொய் சொல்லலாம் மாமா. டேட்டா பொய் சொல்லாது" என்றேன். இந்த வசனத்தை எங்கள் பாஸ் சொல்லிக் கொடுத்திருந்தார். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்தவேண்டும் என்றும் சொல்லியிருந்தார். தாழ்த்தினேன்.

பொருத்துகிற அன்று காலையில் அப்பாவின் காரில் போய் இறங்கினேன். செல்வராசண்ணன் லாரிக் கதவைத் திறந்துவிட்டு, நான் ஒயரை மாட்டுவதைக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, நான் டீ குடிக்கறதெல்லாம் இதுல தெரியுமுங்களா?"

"நீங்க நிக்கறது தெரியும்ங்கண்ணா. குடிக்கறது தெரியாது."

"அப்பச் சரீங்க" என்று சிரித்தார். மோகனூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் முட்டை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் பாலக்காடு புறப்படுவதாகத் திட்டம். லாரி வாசலைத் தாண்டியது. மாமாவின் போனில் ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். புள்ளி மாமா வீட்டு வாசல் மேலேயே இருந்தது. "நகர ரெண்டு நிமிஷம் ஆகும் மாமா, பேட்டரி சேமிப்பு" என்று சொல்லிவிட்டுத் திருச்செங்கோட்டுக்குக் கிளம்பினேன். அங்கே போர்வெல் போடுகிற ஒரு ரிக் வண்டிக்காரருக்கும் இதையே விற்கவேண்டியிருந்தது.

திருச்செங்கோட்டில் காரை நிறுத்துவதற்குள் மாமா அழைத்தார்.

"அம்மிணி, செல்வராசு மோகனூருக்குப் போகலையாட்டம் இருக்குது. திருச்செங்கோட்டு ரோட்டுல போறான்."

"என்ன மாமா சொல்றீங்க?"

"புள்ளி அங்கதான் காட்டுது. பண்ணைக்குப் போன் போட்டுக் கேட்டேன், வண்டி இன்னும் வரலையாமா. இவனைக் கூப்பிட்டா மணி அடிக்குது, எடுக்க மாட்டேங்கறான்."

என் போனில் பார்த்தேன். உண்மைதான். புள்ளி திருச்செங்கோட்டுக்குள் வந்து நின்றிருந்தது.

அப்போது எனக்கு வந்தது பயம் இல்லை, சந்தோஷம். பொருத்திய முதல் நாளே எங்கள் சாப்ட்வேர் ஒரு திருட்டைப் பிடித்துவிட்டதே! உடனே பாஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். "சூப்பர்! எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை" என்றார் அவர். மாமாவிடம், "நானும் இங்கதான் இருக்கேன் மாமா, நல்லதாப் போச்சு, சீக்கிரம் வாங்க" என்றேன். (இந்த ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் நிதானமாக யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

மாமா ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நான் காரை ரிக்காரர் இடத்திலேயே விட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். மாமா முகத்தைப் பார்த்ததும் என் சந்தோஷம் பாதி வடிந்துவிட்டது. இதயத்தில் குழாய் வைத்த மனுஷர். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"எங்க அம்மிணி நிக்குது?"

"இங்கதான் மாமா, பக்கத்துலயே."

சந்து சந்தாகப் பார்த்தோம். ரிக் வண்டிகள் நின்றன, நூல் லாரிகள் நின்றன. மாமாவின் லாரி மட்டும் இல்லை. திடீரென்று புள்ளி நகர்ந்தது.

"கிளம்பிட்டான் மாமா! நமக்குப் பின்னாடியே வர்றான்!"

மாமா வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தார். ஒரு டவுன் பஸ்ஸும் கரும்பு டிராக்டரும் வந்தன. திருப்பி எதிர்ப்பக்கம் போனோம். போனவுடன் புள்ளி நாங்கள் நின்றிருந்த இடத்துக்கு வந்தது. திரும்பவும் வண்டியைத் திருப்பினோம். புள்ளியும் கொஞ்சம் பொறுத்துத் திரும்பியது. ஒரு கடையோரம் தண்ணீர் பாட்டில் வாங்க நின்றோம். கொஞ்ச நேரத்தில் அதுவும் வந்து நின்றது.

"நாம நின்னா அவனும் நிக்கறான் மாமா. நம்மளைப் பாத்துட்டான்."

காலையில் அண்ணன் என்று கூப்பிட்ட மனுஷரை மதியத்துக்குள் 'அவன்' ஆக்கியிருந்தேன்.

மாமா தண்ணீரைக் குடிக்காமல் பாட்டிலைக் கையிலேயே வைத்திருந்தார். "எனக்கு நெஞ்சு வலிச்சப்ப அவன்தான் அம்மிணி தூக்கிட்டு ஓடுனான். டாக்டரு வர்ற வரைக்கும் என்ற கையை விடவே இல்ல" என்றார். அப்புறம் அவரே, "மனுசன் எப்ப மாறுவான்னு யாரு கண்டா?" என்றார். ஒரு நீலப் புள்ளிக்காக என் மாமா இப்படிப் பேசுகிறாரே என்று எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. மேப்பைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன்.

செல்வராசு வீடு குமாரபாளையம் ரோட்டில்தான் ஒரு சின்ன ஊரில் இருந்தது. அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் காவேரிப் பாலம். பாலத்தைத் தாண்டிவிட்டால் வண்டி பவானி போய்விடும், அதற்கப்புறம் எங்கே தேடுவது? "ஊட்டுக்குத்தான் போவான். நாம முன்னாடியே போய் நிக்கலாம்" என்றார் மாமா. ஜீப் பறந்தது. புள்ளியும் எங்களுக்குப் பின்னால் விடாமல் பறந்து வந்தது. அந்த லாரி எங்களை இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விடுமோ என்றுகூட ஒரு நிமிஷம் பயந்தேன்.

ஓட்டு வீடு, பக்கத்திலேயே ஒரு தறிப்பட்டறை. ஜீப் நின்றதும் உள்ளே ஓடிக்கொண்டிருந்த தறிச் சத்தம் சட்டென்று நின்றது. தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு ஒரு பெண் வெளியே வந்தார். செல்வராசண்ணனின் மனைவி பூங்கொடி அக்கா. மாமாவைப் பார்த்தார், பின்னால் லாரி இல்லாததைப் பார்த்தார், அப்படியே வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க... அவருக்கு என்னாச்சுங்க?"

லாரி டிரைவர் வீட்டு வாசலில் சொல்லாமல் கொள்ளாமல் முதலாளி வந்து நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று எனக்கு அதுவரை தெரியாது. மாமாவுக்குத் தெரியும். பதறிப்போனார்.

"ஐயோ, ஒண்ணும் ஆகலை சாமி! ஆக்சிடென்ட் எல்லாம் இல்ல! நல்லாத்தான் இருக்கான்!"

"எங்கீங்க இருக்காரு?"

மாமா என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "வண்டி பண்ணைக்குப் போகலைங்கக்கா. இங்கதான் வந்துட்டிருக்கு" என்று போனைக் காட்டினேன்.

அவர் போனைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். பயம் வடிந்து அந்த இடத்தில் வேறு என்னவோ ஏறுவது தெரிந்தது.

"அப்படீன்னா, வண்டியத் தூக்கிட்டு வந்துட்டாருங்கறீங்களா?"

வாசலில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் என் பையை வைத்துவிட்டு நின்றேன். மூன்று பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். புள்ளி வளைவில் திரும்பியது. சந்துக்குள் நுழைந்தது. வந்து நின்றது.

"மாமா," என்றேன், "வண்டி இங்கதான் இருக்கு. இந்த ஊட்டுலதான்."

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால் போனார். அங்கே மாட்டுக்காகச் சோளத்தட்டைப் போராகக் குவித்திருந்தார்கள், ஆள் உயரத்துக்கு மேல். மாமா மெதுவாக, சத்தம் போடாமல், அந்தத் தட்டுப்போரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

பத்துச் சக்கர லாரியை.

"அந்தப் பக்கம் எருக்குழிதானுங்க இருக்குது" என்றார் பூங்கொடி அக்கா. "அப்படியே கோழிக் கூண்டையும் தூக்கிப் பாத்துருங்க."

மாமா அங்கிருந்தே போனை எடுத்தார். "இனி விடக்கூடாது. நம்ம ஏட்டய்யாவக் கூப்பிட்டுச் சொல்லிர்றேன்" என்று எண்ணைத் தேடினார்.

நான் மேப்பை இன்னும் பெரிதாக்கினேன். வீடு தெரிந்தது, வாசல் தெரிந்தது. புள்ளி வாசலில், கட்டில் இருக்கிற இடத்தில் இருந்தது. கட்டிலைப் பார்த்தேன். கட்டில் மேல் என் பை.

விற்கப் போகிற இடங்களில் எடுத்துக் காட்டுவதற்காக, சொந்தமாக பேட்டரி வைத்த இன்னொரு கருவியை பாஸ் எனக்குக் கொடுத்திருந்தார். பைக்குள் கையை விட்டு அதை எடுத்தேன். சின்னப் பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பின்னால் ஒட்டியிருந்த எண்ணைப் படித்தேன். காலையில் மாமா லாரியின் பெயரில் நான் பதிந்த எண் அதுதான்.

திருச்செங்கோட்டிலிருந்து அதுவரைக்கும் நாங்கள் எங்களையே துரத்திக்கொண்டு வந்திருந்தோம்.

பேசாமல் அதைப் பைக்குள்ளேயே போட்டு அணைத்துவிட்டு, சாப்ட்வேர் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு விநாடி நினைத்தேன். ஆனால் மாமா போனைக் காதில் வைத்துவிட்டார். "ஏனுங்க ஏட்டய்யா..."

"மாமா, வேண்டாம்! வெச்சிருங்க!" கத்தியே விட்டேன். "லாரி இல்ல மாமா. நான்தான். நான் தப்பான எண்ணைப் போட்டுட்டேன். இத்தனை நேரம் அது என் பைக்குள்ள இருந்துருக்கு."

மாமா என் கையில் இருந்த தீப்பெட்டியைப் பார்த்தார். தட்டுப்போரைப் பார்த்தார். காதில் ஏட்டய்யா "ஹலோ ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லீங்க, கை பட்டுப்போச்சுங்க" என்று வைத்தார். வைத்த கையோடு போன் மறுபடி அடித்தது. செல்வராசு.

மாமா அவசரத்தில் எதையோ அமுக்க, ஸ்பீக்கரில் கேட்டது.

"முதலாளிங்களா? போற வழியில பஞ்சருங்க. வண்டியக் கடையில ஜாக்கி போட்டு நிறுத்திட்டு, டியூப் வாங்க மோகனூருக்கு நடந்தே போயிட்டேனுங்க. போனு கேபின்லயே சார்ஜுல கெடந்துருச்சு. ஏனுங்க இத்தனை தடவ கூப்பிட்டிருக்கீங்க?"

மாமா தொண்டையைச் சரிசெய்தார். "ஒண்ணுமில்ல செல்வராசு. சாப்பிட்டயான்னு கேக்கலாம்னு."

"அதுக்கா இத்தனை தடவைங்க?"

அதற்குள் வாசலில் ஒரு கோழி கத்தியது.

"அது எங்க ஊட்டுக் கோழியாட்டம் இருக்குதுங்களே?" என்றது ஸ்பீக்கர்.

மாமா போனைப் பூங்கொடி அக்காவிடம் நீட்டிவிட்டார். அந்த அக்கா நினைத்திருந்தால் அன்றைக்கு எங்களைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கலாம். வாங்கிக் காதில் வைத்தார். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"நான்தானுங்க. முதலாளி உங்களையத் தேடிட்டு ஊட்டுக்கு வந்திருக்காரு. உங்க லாரி நம்ம தட்டுப்போருக்குப் பின்னால நிக்குதாமா. அதான் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு."

பிறகு உள்ளே போய் இரண்டு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். அதைவிட அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் சுலபமாக விழுங்கியிருப்பேன். "மன்னிச்சுருங்கக்கா" என்றேன். "எனக்கு உசுரே போயித் திரும்பி வந்துச்சு சாமி" என்றார், அவ்வளவுதான். மறுபடி தறி ஓட ஆரம்பித்தது.

திரும்புகிற வழியில் பாஸ் போனில் கூப்பிட்டார், திருடன் பிடிபட்டானா என்று. கொஞ்ச நாளில் நான் அந்த வேலையை விட்டேன். கம்பெனியும் லாரிகளை விட்டுவிட்டுக் கல்யாணப் பத்திரிகை ஆப்புக்கு மாறிவிட்டது. அந்த லோடை இறக்கித் திரும்பிய செல்வராசண்ணனை வாசலில் காத்திருந்து மாமா கையைப் பிடித்துக்கொண்டாராம். என்ன பேசினார்கள் என்று அத்தைக்குக்கூடத் தெரியாது. கருவியைக் கழற்றி என் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்.

அதிலிருந்து எங்கள் சொந்தத்தில் சாவியைக் காணோம், கண்ணாடியைக் காணோம் என்று யார் சொன்னாலும், "தட்டுப்போருக்குப் பின்னால பாத்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். மாமா இருக்கிற இடத்தில் மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

போன வருஷம் எனக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையும் சாப்ட்வேர்தான், வழி தெரிந்துகொள்ள மேப்பைத்தான் நம்புவார். அவர் அனுப்பியிருந்த லொகேஷன்படி மாப்பிள்ளை வீட்டார் வண்டி வந்து சேர்ந்துவிட்டதாக என் போன் காட்டியது. வாசலில் ஒருத்தரும் இல்லை. பத்து நிமிஷம் ஆயிற்று. அப்பா முகம் வெளுத்துவிட்டது. பந்தலில் எல்லோரும் வாசலையே எட்டிப் பார்த்தார்கள். நான் போனையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீ உக்காரு அம்மிணி. நான் தட்டுப்போருக்குப் பின்னால ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்."

பந்தலில் முதலில் சிரித்தது பூங்கொடி அக்காதான்.