நடந்து போகிற தூரம்

என் மனைவி இன்ஷிரா பெரிய மேதை. இது எனக்கே போன திங்கட்கிழமைதான் தெரிந்தது.

எங்கள் ஏறாவூரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். நானும் போனேன். அங்கே இன்ஷிராவின் உம்மா, என் மாமி நபீஸா இருந்தார். இரவுச் சாப்பாட்டில் கறிக்கு முன்னால் மாமியின் வாயில் என் சகலனின் மோட்டார் சைக்கிள் வந்துவிடும்.

"அவர் என்னமா ஓட்டுறாரு. நம்மட றம்ஸீன் மாப்புளதான் இன்னும் பஸ்ஸில."

உண்மைதான், எனக்கு ஓட்டத் தெரியாது. சண்டைக் காலத்தில் ஆமிக்காரர் சோதிக்கிற சென்றியில் மறித்துவிட்டார்கள் என்று சொல்லி, சாப்பாட்டுக்குப் பிந்திவந்து தப்பினேன். சண்டை முடிந்து சென்றியை எடுத்தார்கள். என் சாக்கும் அதோடு போனது.

ஆகவே மாபெரும் முடிவொன்று எடுத்தேன். மட்டக்களப்பு டவுனில், நான் வேலைசெய்யும் கந்தோருக்குக் கிட்ட வாடகை வீடு. மாமி இல்லாத வீடு.

"வாகனம் ஓட்டாத ஆளுக்கு எல்லாம் நடந்து போற தூரத்தில இருக்கோணும்," என்றேன்.

"ஓம், சரியான கதை. சுனாமி ஏறின பக்கம் மட்டும் வேணாம்," என்றாள் இன்ஷிரா.

முதல் வீடு கந்தோர் மதிலோடு ஒட்டியிருந்தது.

"பஸ் ஸ்டாண்டுக்கு எத்தின நிமிஷம்?" என்று கேட்டாள்.

"இருபது."

"அது கூடிப்போச்சு."

இரண்டாவது வாவியைப் பார்த்த வீடு. நல்ல காத்து.

"ஆசுபத்திரிக்கு?"

"நமக்கென்ன வருத்தம்?"

"வருத்தம் சொல்லிட்டா வரும்?"

மணிக்கூட்டோடு வெயிலில் நடந்து நடந்து அளந்தேன். என் கொள்கையை என்னைவிட ஆழமாகப் பிடித்துக்கொண்டாளே என்று மலைத்துப்போனேன். கடைசியில் ஒரு வீடு அமைந்தது. பஸ் ஸ்டாண்ட் மூன்று நிமிடம், ஆஸ்பத்திரி ஐந்து, கந்தோர் எட்டு.

குடிவந்த முதல் திங்கட்கிழமை, பகல் சாப்பாட்டுக்கு ராஜா மாதிரி வீட்டுக்கு நடந்துவந்தேன். மேசையில் மாமி. கையில் கிளினிக் கொப்பி. காலடியில் பெரிய உடுப்புப் பெட்டி.

"வாங்க மாப்புள. நல்ல இடம். பஸ்ஸால இறங்கினா வீடு, வீட்டால இறங்கினா ஆசுபத்திரி."

குசினிக்குள், அடுப்படியில் நின்ற இன்ஷிராவிடம் ஓடினேன். "கிளினிக் மாசத்துக்கு ஒருக்காத்தானே?"

"பிரஷருக்கு ஒருநாள், சீனிக்கு ஒருநாள், கண்ணுக்கு ஒருநாள். போய்ப்போய் வாறது கஷ்டம். இஞ்சயே நிக்கட்டும்."

இரவில் மட்டும் கேட்ட மோட்டார் சைக்கிள் இனிப் பகலிலும் ஓடும். ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை. இப்படியொரு மூளையோடா இத்தனை வருடம் குடும்பம் நடத்தினேன் என்று வாய்பிளந்து நின்றேன்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கதானே சொன்னீங்க, வாகனம் ஓட்டாத ஆளுக்கு எல்லாம் கிட்ட இருக்கோணும் எண்டு." சோற்றைத் தட்டில் போட்டாள். "உம்மாவுக்கும் ஓட்டத் தெரியாது."