ஆர்ட்டின் ராஜாவுக்கு மீசை

எங்கள் வீட்டில் மூன்று நாள் யாரும் வாயே திறக்காமல் போனதற்கு நான்தான் காரணம். ஆயுதம்: ஒரு தீக்குச்சி, கொஞ்சம் கண் மை.

திருமயம் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. (புத்தி அதில் பாதி.) மாமனார் ரங்கூனில் கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர். வருஷக்கணக்கில் பிரிந்திருந்ததாலோ என்னவோ, அவருக்கும் என் மாமியாரான அயித்தைக்கும் பேச்சே கிடையாது. ஆனால் மத்தியானம் ரங்கூன் சீட்டுக்கட்டைப் பிரித்து ரம்மிக்கு உட்கார்ந்தால், அந்த ஒரு மணி நேரம் வாய் ஓயாது. அடுப்படியிலிருந்து கேட்க எனக்கே சந்தோஷமாக இருக்கும்.

ஒரு நாள் காலை கட்டைத் துடைத்து அடுக்கும்போது பார்த்தேன். மூன்று ராஜாக்களுக்கு மீசை இருக்க, ஆர்ட்டின் ராஜா மட்டும் மழுமழுவென்று இருந்தார். போதாததற்குத் தன் வாளைத் தன் தலையிலேயே குத்திக்கொண்டிருந்தார். மீசை இல்லாத ஏக்கம்தான் என்று முடிவு கட்டி, தீக்குச்சியில் மை தொட்டு வரைந்தேன். சீட்டில் தலைகீழாக இன்னொரு தலையும் உண்டே, அதற்கும் ஒன்று. (ஓரவஞ்சனை கூடாதல்லவா?)

வீட்டு மை விளக்கெண்ணெயில் குழைத்தது, லேசில் காயாது. தினமும் மை தீட்டும் எனக்கு அது அன்றைக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் அந்த ராஜா அயித்தை கைக்குப் போனார். வேர்வைக்கு அயித்தை மேலுதட்டைத் துடைத்தார். மாமா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார் பாருங்கள், தாம்பாளம் உருண்ட மாதிரி.

"என்னத்துக்குச் சிரிக்கிறீங்க?"

"ஒனக்கு மீசை நல்லாத்தான் இருக்கு."

அயித்தை விரலைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். சீட்டை வீசிவிட்டு எழுந்து போய்விட்டார். சீட்டுக்கட்டில் பாதிக்கு மேல் எண்ணெய்க் கறை.

அதன் பிறகு சீட்டும் இல்லை, பேச்சும் இல்லை. அவர்களுக்கென்று இருந்த ஒரே ஒரு மணி நேரத்தை நான் கெடுத்துவிட்டேன். அடுப்புப் புகையைச் சாக்கு வைத்து அழுதேன்.

நான்காம் நாள் மாமா புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிப்போய்ப் புதுக் கட்டு வாங்கிவந்தார். அயித்தை முன்னால் வைத்துவிட்டு, சுவரிடம் சொல்வதுபோல் சொன்னார்:

"ஆதியில இந்த ஆர்ட்டின் ராஜாவுக்கும் மீசை இருந்துச்சாம். ரங்கூன்ல ஒரு அச்சாபீஸ்காரரு சொன்னாரு. அச்சுக்கட்டை செதுக்குனவங்க ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் செதுக்கி, மீசையத் தொலைச்சுப்புட்டாங்க. கையில இருந்த கோடாலியும் வாளாப் போச்சு. புள்ள செஞ்சது ஒண்ணும் தப்பில்ல."

அயித்தை கட்டைப் பிரித்து, ஆர்ட்டின் ராஜாவைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இந்தாத்தா, இவருக்கும் வச்சுக் குடு. இந்தத் தடவை பேனாவுல வையி."

அன்று ஆட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது.

இருவரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இன்றும் எங்கள் வீட்டில் புதுக் கட்டு வந்தால், மருமகள் முதலில் ராஜாவையும் பேனாவையும் என்னிடம்தான் கொண்டுவருவாள். புருஷனும் பெண்டாட்டியும் முறைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினால், யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள்: "மை எடுத்துட்டு வரவா?"