பிரேக்கை மிதித்தால் குலுங்கும் கார் குறித்து மைத்துனருக்கு

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் அக்காவும் உடம்பளவில் சுகம். நீங்கள் அங்கு சுகமாகத்தான் இருப்பீர்கள். கொடுத்துவிட்டுப் போனவருக்கு என்ன குறை, வாங்கிக்கொண்டவன்தானே அனுபவிக்கிறான். மரியாதைக்குச் சொல்ல வேண்டியது இத்துடன் முடிந்தது.

வேலை மாற்றலாகிப் போகும்போது நீங்கள் எங்களுக்கு விட்டுச் சென்ற காரைப் பற்றித்தான் எழுதுகிறேன். சாவியை என் கையில் வைத்து, "அத்தான், வெண்ணெய் மாதிரி ஓடும்" என்றீர்கள். ஓடுவதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. நிற்பதில்தான். பிரேக்கில் கால் வைத்த மாத்திரத்தில் ஸ்டீயரிங் குளிர்க்காய்ச்சல் வந்தவன்போல் நடுங்குகிறது, நடுக்கம் என் கைவழியே தோளுக்கு ஏறுகிறது, மூக்குக்கண்ணாடி மடியில் விழுகிறது, அதைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் வண்டி நின்றிருக்கும், அல்லது நின்றிருக்காது. போனில் சொன்னதற்கு, "ரோடு சரியில்லையோ என்னவோ" என்றீர்கள். ரோடு போடும் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவனிடம் தெரிந்துதான் சொன்னீர்களா, தெரியாமல் சொன்னீர்களா என்று உங்கள் அக்காவைக் கேட்டேன். அவள் கறிகாயை இன்னும் வேகமாக நறுக்கினாள்.

முதலில் டயர் கடைக்குப் போனேன். சக்கரங்களைக் கழற்றிச் சுழற்றி, எடை சமமாவதற்கு விளிம்பில் குட்டிக் குட்டி ஈயத் துண்டுகளை ஒட்டி, இனி தொட்டில் மாதிரி போகும் என்று கடைக்காரர் வாழ்த்தி அனுப்பினார். தொட்டில் என்றால் ஆடத்தானே வேண்டும், வாழ்த்து முதல் சிக்னலிலேயே பலித்தது. பிறகு எங்கள் மாடி வீட்டுக்காரர் வந்தார். பல் வைத்தியர், ஆனால் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து எல்லா வைத்தியமும் கற்றவர். வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்து, "எஞ்சினைத் தாங்குற ரப்பர் போயிடுச்சு சார், சந்தேகமே இல்ல" என்றார். அவர் பேச்சைக் கேட்டு அதையும் மாற்றினேன். இப்போது எஞ்சின் தவம் செய்கிறவர்போல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, ஸ்டீயரிங்தான் சாமியாடுகிறது.

போன வாரம் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கும் கொஞ்சம் உறைக்கும். பள்ளிக்கூடத்து முன்னால் பிள்ளைகள் ரோட்டைக் கடக்க நின்றார்கள். பிரேக்கை மிதித்தேன். வண்டி உதறிய உதறலில் பயந்து காலை எடுத்துவிட்டேன். என்ன செய்வது என்று தெரியாமல் ஸ்டீயரிங்கை ஒடித்தேன், நடைபாதையில் ஏறிக் குப்பைத்தொட்டியில் முட்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முன்வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த உங்கள் அக்கா இறங்கினாள். கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். மெதுவாகச் சாத்திவிட்டு வீடுவரை நடந்தே போனாள். அதிலிருந்து என்னிடம் பேசுவது, "சாப்பாடு மேசைமேல இருக்கு" என்பது ஒன்றுதான்.

மறுநாள் ஒரு நல்ல பட்டறையை விசாரித்துக்கொண்டு, ஆமை வேகத்தில் போனேன். அவளும் கூட வந்தாள். பட்டறைக்காரருக்குப் பேச்சு அதிகம், தொழிலும் தெரிந்திருந்தது. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "சும்மா போறப்ப ஆடல, மிதிச்சா மட்டும்தான் ஆடுது, அதுவும் கையில தெரியுது. முன் சக்கரத்து டிஸ்க்தான் சார்" என்றார். கழற்றி ஒரு முள்மானியை வைத்துச் சுற்றினார், முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. சக்கரத்தோடு சுற்றும் அந்த டிஸ்க் தட்டு ஒரே கனமாக இல்லையாம், தடித்த இடத்தில் பிரேக் கட்டை தட்டுவதுதான் அந்த உதறலாம். கடைந்து சமன் செய்யலாம் என்றால் ஏற்கெனவே தேய்ந்து மெலிந்திருந்தது. அதனால் இரண்டு பக்கமும் புது டிஸ்க், புதுக் கட்டை போட்டு, அடியில் இருந்த துருவைச் சுரண்டி, போல்ட்டுகளை எதிரெதிராக ஒரே இறுக்கத்தில் முடுக்கிக் கொடுத்தார். இப்போது வண்டி நிற்கிறது. நின்றது தெரியாமல் நிற்கிறது.

ஆனால் அவர் சொன்ன ஒரு வார்த்தையை நான் மறக்கவில்லை: "இது ஒரு நாள்ல ஆனதில்ல, யாரோ நல்லா சூடேத்திக் கெடுத்திருக்காங்க." அந்த யாரோ யார் என்று எனக்குத் தெரியும். பறப்பதும் கடைசி நிமிஷத்தில் பிரேக்கை அழுத்துவதுமாக நீங்கள் ஓட்டும் லட்சணத்தை நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கெட்டுப்போனதைத் தெரிந்தே எங்கள் தலையில் கட்டிவிட்டீர்கள். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து உங்கள் காரை எடுத்துச் செல்லவும். போகுமுன் உங்கள் அக்காவிடம் என் எதிரில் மன்னிப்புக் கேட்கவும்.

உங்கள் மனைவிக்கு என் ஆசிகள். உங்களுக்கானவை, மன்னிப்புக் கேட்ட பிறகு.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் நலம் விரும்பும்
அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதுவது. தபாலில் போடச் சொல்லி அத்தான் கொடுத்தார், உறையை ஒட்ட மறந்துவிட்டார். பட்டறைக்காரர் சொன்னதில் பாதியைத்தான் எழுதியிருக்கிறார். மீதி இது: "வண்டி வந்து நின்னதும் சூடு ஆறாம சக்கரத்துல தண்ணி அடிக்கிறது யாரு?" என்று கேட்டார். நம் தெரு இறக்கம் முழுக்க பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கி வந்து, வாசலில் நிறுத்தின கையோடு குழாயைத் திருப்பிச் சக்கரங்களைக் குளிப்பாட்டுவது வண்டி வந்த நாளிலிருந்து உன் அத்தானின் அன்றாட வழக்கம். சூடான டிஸ்க் அதில்தான் கோணிப்போனதாம். அங்கே உன் அத்தான் என்னைக் காட்டி, "வீட்டுல அவங்கதான்" என்றார். நான் கையை நீட்டி, சாவியை மட்டும் வாங்கிக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்தவள் நான் என்பது அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா, காரை எடுக்க வராதே. இப்போது நான்தான் ஓட்டுகிறேன், வண்டி துளிக்கூட ஆடவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து அவர்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்.