கழுத்தளவு தண்ணீரில் ஒரு மாப்பிள்ளை

என் மகள் செத்துப்போன ஒருவனைக் காதலிக்கிறாள் என்று 2010இல் நான் மனதார நம்பினேன். (சிரிக்காதீர்கள். பெண்ணைப் பெற்றவர்களுக்குப் புரியும்.)

அவள் அப்போது பதினோராம் வகுப்பு. மெத்தைக்கடியில் ஒரு நீள நோட்டு அகப்பட்டது. (அகப்பட்டது என்றால், தேடினேன்.) இங்க் பேனாவில், அவள் கையெழுத்தில் இருந்தது: 'ஆதவனுக்கு உயிர் இருக்கிறது, பைக் இருக்கிறது. நிலவனைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஆனாலும் நிலவன் வருகிறான். கழுத்துவரை தண்ணீரில் நிற்பான். பேச மாட்டான். சனிக்கிழமை நண்பகல், பிச்சாவரத்தில், இருவரில் யார் என்று சொல்லிவிடுவேன்.'

சுனாமி பார்த்த கடலூரில், கடல் கொண்டுபோனது என்பதை யாரும் கற்பனையாகப் படிப்பதில்லை.

சனிக்கிழமை காலை, "ஸ்பெஷல் கிளாஸ்ப்பா" என்று சைக்கிளில் கிளம்பினாள். நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, என் மனைவியின் தம்பி குமாரையும் இழுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன்.

"ஸ்கூல்ல போய் ஒரு எட்டு பாத்திருக்கலாமே மாமா?"

"அதுக்கெல்லாம் நேரமில்ல மச்சான்."

"ஆதவன்னா பேசி முடிச்சிடலாம். இன்னொருத்தனுக்கு ஜாதகம் எங்க போய்க் கேக்கறது?"

பிச்சாவரத்தில் துடுப்புப் படகு எடுத்தோம். உள்ளே போகப் போக வாய்க்கால் குறுகியது. சுரபுன்னை வேர்கள் விரல்விரலாகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. உச்சி வெயிலிலும் பச்சை இருட்டு. பறவைச் சத்தம் நின்றுபோனது.

ஒரு வளைவில் தலை ஒன்று தெரிந்தது. கழுத்துக்குக் கீழே தண்ணீர். எங்களையே பார்த்தது.

"யாருப்பா நீ?"

பதில் இல்லை. பல்லில் எதையோ கவ்விக்கொண்டு, ஓர் அலைகூட எழாமல், எங்களை நோக்கி நகர்ந்தது.

எழுந்து நின்று கும்பிட்டேன். "தம்பி நிலவா! அவ சின்னப் பொண்ணு. பிளஸ் டூவாவது முடிக்கட்டும். வேணும்னா என்னைய எடுத்துக்க!" ("இல்லன்னா இவன எடுத்துக்க" என்று குமாரையும் காட்டினேனாம். அது அவன் கட்டிய கதை.)

படகில் எழுந்து நிற்கக் கூடாது. தலைகுப்புற விழுந்தேன்.

ஒரு கை என் காலரைப் பிடித்துத் தூக்கியது. வாயில் கவ்வியிருந்த, இறால் போடும் ஓலைப்பறியை எடுத்துவிட்டு அந்தத் தலை பேசியது: "எந்திரிச்சு நில்லுங்க சார், இடுப்பளவுதான். நான் குந்திக்கினு எறா தடவிக்கிட்டிருந்தேன். ரெண்டு கையும் தண்ணிக்குள்ள, பறி பல்லுல. எப்படிப் பதில் சொல்றது?"

வீடு திரும்பினால், மகள் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிச் சுற்றுலாவில் அப்படி எறா பிடிப்பவரைப் பார்த்து அவள் எழுத ஆரம்பித்த நாவலாம் அது. குமார் நடந்ததை நடித்தே காட்டினான். இன்றும் எங்கள் வீட்டில் எறாக் குழம்பு வைத்தால், "சம்பந்தி வூட்டு சீரு" என்றுதான் என் மனைவி பரிமாறுகிறாள்.

மகள் மட்டும் அன்று சிரிக்கவில்லை. நோட்டைக் கேட்டாள். இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் வெறும் நீலம். ஆதவனா, நிலவனா என்று கேட்டால் இன்றுவரை அவள் சொல்வதில்லை.

நடந்தது இவ்வளவுதான்: ஒரு பெண் எட்டு மாதம் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினாள். நான் அதைத் தண்ணீரில் போட்டேன்.