ஸ்டார்ட்டருக்கு மூன்று நாள் விடுப்பு

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே மூன்று பேரில் இரண்டு பேர் நலம். நீங்களும் அத்தையும் முழு எண்ணிக்கையில் நலமாக இருக்க வேண்டுகிறேன். போன் அம்மாவின் தலைமாட்டில் இருக்கிறது. அதனால் குளியலறையில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் ஈரம் இருந்தால் அது குழாய்த் தண்ணீர்.

சிறுவர் சீர்திருத்த இல்லத்தில் உங்கள் அக்காவுக்குப் பத்தொன்பது வருட வேலை. கண்காணிப்பாளர் ஆனதும் பிரம்பை ஒழித்தாள், தனியறையை நூலகமாக்கினாள், இப்போது பையன்களை மூன்று நாள் வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கச் சண்டை போட்டு அனுமதி வாங்கியிருக்கிறாள். மேலதிகாரி, "ஒருத்தன் திரும்பி வரலைன்னாலும் திட்டத்தையும் மூடிடுவேன், உங்களையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்மா" என்றாராம். முதல் பையன் 'ஸ்டார்ட்டர்'. சாவியே இல்லாமல் எந்த வண்டியையும் கிளப்பிவிடுவான். அதனால் அந்தப் பெயர், அதனால்தான் அந்த இடமும். அவன் விடுப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் பதினொரு நாளாகப் பையிலேயே சுமந்தாள் அம்மா.

எனக்குக் கணக்கில் முப்பத்தொன்று. மதிப்பெண் அட்டையில் அம்மா கையெழுத்தை நானே போடுவதென்று முடிவு செய்து, ஒத்திகைக்கு அவள் பையிலிருந்து ஒரு தாளை உருவினேன், கீழே புள்ளிக்கோடு வசதியாக இருந்தது, மேலே என்ன என்று படிக்கவில்லை, முதல் தடவையே அச்சு அசலாக வந்துவிட்டது, சந்தோஷத்தில் தாளைத் திரும்பப் பையிலேயே வைத்துவிட்டேன். தினமும் அந்தப் பையிலிருந்து தாள்களை எடுப்பவர் இல்லத்து எழுத்தர். அவர் எதையும் படிக்கமாட்டார். கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். "அப்பாடா, மேடம் போட்டுட்டாங்க!" என்று முத்திரை குத்திவிட்டார். மதியமே ஸ்டார்ட்டர் பஸ்ஸில் போய்விட்டான். பின்சீட்டில் உட்கார்ந்துதான் போனானாம்.

"தூக்கக் கலக்கத்துல போட்டுட்டேன் போல" என்றாள் அம்மா, சாப்பிடும்போது.

"என்னைக் கட்டிக்கச் சரின்னதும் அப்படித்தானே?" என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை.

நாளை மாலை ஆறு மணிக்கு அவன் வராவிட்டால் அம்மாவுக்கு வேலை போய்விடும். உண்மையைச் சொல்லலாம் என்றால், கள்ளக் கையெழுத்து குற்றம்; நீங்கள் வக்கீல், உங்களுக்குத் தெரியும். குற்றம் செய்த பிள்ளைகளை எங்கே அனுப்புவார்கள் என்று யோசித்தேன். அம்மாவிடம்தான். அவள் அடிக்கமாட்டாள். எதிரே உட்கார்ந்து, "நீயே சொல்லு, ஏன் செஞ்சே?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருப்பாள். ஒருவன் நாலு மணி நேரம் தாங்கிவிட்டு, செய்யாததையும் சேர்த்து ஒப்புக்கொண்டானாம். மாமா, கிடைக்கிற முதல் வண்டியில் வந்து, நான் சொல்லும்போது பக்கத்தில் உட்காருங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். குட்டித் தம்பிக்கு முத்தம். கணக்கு நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள்.

பயத்துடன்,
உங்கள் மருமகள்

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் மறுநாள் மாலை ஆகிவிட்டது. கிளம்ப வேண்டாம், மாமா. ஐந்தே முக்காலுக்கே ஸ்டார்ட்டர் முடி வெட்டிக்கொண்டு வந்து நின்றானாம். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும்டி" என்றாள். "அவன் பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே தெரியும். என் கையெழுத்து என்னிக்கு அவ்வளவு நேரா இருந்திருக்கு?"

"அப்ப ஏம்மா அவனைத் தடுக்கலே?"

"ரத்து பண்ணலாம்னுதான் உக்காந்தேன். அதுக்கும் நான் ஒரு கையெழுத்துப் போடணுமே. கை வரலை."