மயிலின் நெற்றியில் மரச் சந்தனம்

மயில்மேல் வரும் பெருமானே, பிழை மலிந்த என் சொற்களின்மேலும் ஏறி வந்தருள்க.

இன்று பங்குனி உத்திரம். முக்கோணத்தைப் பற்றி எழுத இதைவிட நல்ல நாள் வாய்க்காது.

கோவில்பட்டி வட்டாரத்தில் ஓட்டைக்கு அஞ்சி வாழ்ந்த ஒரே மனிதர் அவர்தாம். தீப்பெட்டி இயந்திரங்களின் உதிரிபாகங்களுக்குக் கணினியில் படம் வரைந்து கொடுப்பவர். வெளியூர்களிலிருந்து வரும் உருவங்கள், முக்கோணச் சில்லுகளை ஒட்டிச் செய்த வெறும் தோலாகவே அவர் கணினிக்குள் நுழையும். உள்ளே ஒன்றும் இராது. ஒரு சில்லு விலகியிருந்தாலும் அது திட உருவம் ஆகாது. திடமாகாததைத் திருத்தவும் இயலாது. விலகிய இடங்களைத் தேடித் தேடி மூடுவதே அவர் பிழைப்பு. முக்கோணம் என்ற பெயரும் அதனால் வந்ததே.

நாளடைவில் அது அவர் இயல்பாகவே ஆகிவிட்டது. தேநீர்க் கடையில் உளுந்து வடை கொடுத்தால், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்துவிடுவார். பெண் பார்க்கச் சென்ற வீட்டில் கடம்பூர்ப் போளி பரிமாறினார்கள். எல்லோரும் பெண்ணைப் பார்க்க, இவர் போளியைப் பார்த்தார்.

"சுத்தி நல்லா மூடியிருக்கு. உள்ளயும் நெறஞ்சிருக்கு. எனக்குச் சம்மதம்."

திருமணம் இனிதே நடந்தது.

ஓராண்டு, எங்கள் தெரு முருகன் கோவிலின் மர மயிலுக்குக் கால் விரிசல் கண்டது. உத்திரத்துக்குள் புது மயில் வராவிட்டால் பெருமானுக்கு வீதியுலா இல்லை. தர்மகர்த்தா என்ற முறையில் அந்தக் கவலை என்னுடையது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்து, பழைய மயிலைக் கருவியால் ஸ்கேன் செய்தார். அதைத் திடமாக்கி, காலைத் தடிப்பாக்கிக் கொடுத்தால், இயந்திரம் மரத்தில் செதுக்கிவிடும். வேலை முக்கோணத்திடம் போயிற்று.

"என்ன தம்பி, மயில் ஆச்சா?"

"தோகை பூராம் ஓட்டை, அண்ணாச்சி. ஒண்ண மூடினா இன்னொண்ணு முழிக்குது. அவசரப்படுத்துனீங்கன்னா காக்காவாத்தான் தருவேன்."

உத்திரத்துக்கு முந்தைய நாள் மயில் வந்து இறங்கியது. கால் உறுதி, தோகை கச்சிதம். நெற்றியில் ஏதோ சந்தனம் காய்ந்திருப்பதாக எண்ணிப் பூசாரி ஈரத்துணியால் துடைத்தார். போகவில்லை. தேங்காய் நாரால் தேய்த்தார். அப்போதும் போகவில்லை. சந்தனம் மரத்தால் ஆகியிருந்தது.

"ஏலே முக்கோணம், இது என்னலே?"

"ஸ்கேன்ல இருந்துச்சு, சாமி."

"மிசின் முன்னால வெறும் நெத்தியோட நிக்கப்பிடாதேன்னு நாந்தாம்லே அன்னைக்குப் பொட்டு வச்சேன். நீ அத எடுத்திருக்கலாம்லா?"

"பாத்தேன். ஓட்டைய மூடத்தான் கை வருது சாமி. வச்ச பொட்ட அழிக்க வரல."

அந்த மேட்டைச் செதுக்கி எடுக்கத் தச்சர் ஒருவர் உளியோடு ஆயத்தமாக நின்றார். பூசாரி அந்த உளியை வாங்கித் தம் இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு அந்த மேட்டின்மேலேயே புதுச் சந்தனம் வைத்தார். மறுநாள் பெருமான் வீதியுலா வந்தார்.

முக்கோணம் இறைவன் திருவடி சேர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இன்று மாலையும் மயிலின் நெற்றி மேட்டில் சந்தனம் ஏறும். அதைக் கண்டுவிட்டு, அவர் மனைவிக்குப் போளி வாங்கிக்கொண்டு போவேன். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, ஓரம் பிரியாததாகவே எடுப்பேன்.

இதைப் படிப்போர் யாவரும் சுற்றிலும் காப்புற்று, உள்ளும் நிறைந்து வாழ்க.